எல்லையில் நோய் வந்து நின்றால் ஆணையிடுவது யார்: மாநிலமா, வாஷிங்டனா?

வைகைக்கரை | சனி, காலை 8.10

வணக்கம். டெக்சாஸின் எல் பாசோவில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரஸ். வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவரிடமும் போக நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பாலங்களைக் கடக்கிறார்கள். வரைபடத்தில் இரண்டு நாடு, இரண்டு ஊர். காசநோய்க் கிருமிக்கு அது ஒரே ஊர்.

2021 ஜூலை 28 அன்று எங்கள் ஆளுநர் கிரெக் அபட் ஓர் ஆணை பிறப்பித்தார். கோவிட்டைக் காரணம் காட்டி, எல்லையில் பிடிபட்டு விடுவிக்கப்பட்ட குடியேறிகளைச் சட்ட அமலாக்க அதிகாரிகள் தவிர வேறு யாரும் வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது என்றார். மீறினால் மாநிலப் போலீஸ் வண்டியை நிறுத்தலாம், பறிமுதலும் செய்யலாம். சில நாட்களிலேயே எல் பாசோவின் கூட்டாட்சி நீதிபதி கேத்லீன் கார்டோன் அந்த ஆணைக்குத் தடை விதித்தார்.

அன்று எனக்கு நீதிபதி மேல்தான் கோபம் வந்தது. நோயாளி படுக்கும் கட்டில் எங்கள் ஊரில் இருக்கிறது. மூச்சுத் திணறுபவருக்கு இரவெல்லாம் பக்கத்தில் நிற்பவர் எங்கள் ஊர்க்காரர். ஆனால் எல்லையைப் பற்றி முடிவெடுக்க எங்களுக்கு உரிமையில்லை என்றால் அது எந்த நியாயத்தில் சேரும்? சுமப்பவனுக்குச் சொல்லும் உரிமை வேண்டாமா? சட்டம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். கட்சிச் சண்டை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டப்பித்தன் | சனி, காலை 9.45

நல்ல கேள்வி, தம்பி. பதில் சற்று நீளும். நான் சட்டம் படித்தவன். ஆனால் இந்தத் துறையில் வழக்காடுபவன் அல்ல.

அமெரிக்காவில் தனிமைப்படுத்தல் என்பது முதலில் முழுக்க மாநிலங்களின் வேலையாகத்தான் இருந்தது. 1796இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றிய முதல் சட்டமே, மாநிலங்களின் தனிமைப்படுத்தல் விதிகளை நிறைவேற்றக் கூட்டாட்சி அதிகாரிகள் உதவலாம் என்றுதான் சொன்னது. உத்தரவு மாநிலத்துடையது, உதவி வாஷிங்டனுடையது. 1824இல் கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், மாநிலங்களிடமே மிஞ்சியிருக்கும் அதிகாரங்களைப் பட்டியலிட்டபோது தனிமைப்படுத்தல் சட்டங்களையும் சுகாதாரச் சட்டங்களையும் பெயர் சொல்லியே சேர்த்தார். இத்தனைக்கும் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் வாஷிங்டனின் கையை ஓங்கவைத்த தீர்ப்பு.

உங்கள் பக்கத்துக்கு மிக வலுவான தீர்ப்பு 1902இல் வந்தது. பிரிட்டானியா என்ற பிரெஞ்சுக் கப்பல் 1898இல் மார்செய், பலேர்மோ துறைமுகங்களிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது. பெரும்பாலோர் இத்தாலியக் குடியேறிகள். யாருக்கும் நோயில்லை என்று சான்றிதழ் இருந்தது. லூசியானா சுகாதார வாரியமோ, நோய் பரவியுள்ள எந்தப் பகுதிக்குள்ளும் புதிதாக ஆட்களை இறக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது. வெளிநாட்டுக் கப்பல், வெளிநாட்டுப் பயணிகள், உடல்நலத்தோடு இருப்பவர்கள், இருந்தும் மாநிலம் தடுக்கலாம்!

ஆனால் அதே தீர்ப்பிலேயே ஒரு பூட்டு இருக்கிறது. காங்கிரஸ் அந்தக் களத்தில் இறங்கித் தானே சட்டம் இயற்றும்வரைதான் மாநிலத்துக்கு இந்த உரிமை. காங்கிரஸும் படிப்படியாக இறங்கியது. 1892இல் ஹாம்பர்க் கப்பல்களோடு காலரா நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தபோது ஜனாதிபதி ஹாரிசன் குடியேறிகளின் கப்பல்களுக்கு 20 நாள் தனிமைப்படுத்தல் விதித்தார். மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. அதன்பின் மாநிலங்கள் தங்கள் துறைமுக நிலையங்களை ஒவ்வொன்றாக ஒப்படைத்தன. 1921இல் கடைசி நிலையமும் வாஷிங்டன் கைக்குப் போனது.

இன்று ஆளும் சட்டம் 1944ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டம். அதன் 361ஆம் பிரிவு, வெளிநாட்டிலிருந்தும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கும் நோய் பரவாமல் தடுக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சி அரசுக்குத் தருகிறது. 362ஆம் பிரிவு, நோய் அபாயம் இருக்கும் நாடுகளிலிருந்து ஆட்கள் நுழைவதையே நிறுத்தும் அதிகாரத்தைத் தருகிறது. சட்டத் தொகுப்பின் 42ஆம் தலைப்பில் இருப்பதால்தான் "டைட்டில் 42" என்று அது பெயர் பெற்றது. மாநிலச் சட்டங்கள் இதனால் செல்லாதவை ஆகிவிடா, முரண்படும் அளவுக்கு மட்டுமே பின்வாங்கும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் ஆளுநரின் ஆணை அந்த முரணில்தான் சிக்கியது. கூட்டாட்சி அரசு விடுவித்த ஆளை, கூட்டாட்சி அரசின் குடியேற்ற நடைமுறைக்குள் இருக்கும் ஆளை, இங்கே போ, அங்கே போகாதே என்று மாநிலப் போலீஸ் சொல்ல முடியாது.

எல்லைக்கல் | சனி, காலை 10.30

சட்டப்பித்தன் ஐயாவின் விளக்கத்தில் தவறில்லை. ஆனால் வாஷிங்டன் கையில் அதிகாரம் இருந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2014 செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து தாமஸ் எரிக் டங்கன் டாலஸுக்கு வந்தார். அக்டோபர் 8 அன்று எபோலாவால் இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர் இருவருக்குத் தொற்றியது. அவர்களில் ஒருவர், இலேசான காய்ச்சல் இருப்பதாகக் கூட்டாட்சி நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.க்குத் தொலைபேசியில் சொன்ன பிறகும், கிளீவ்லாந்திலிருந்து டாலஸுக்கு விமானம் ஏறினார். ஏறாதே என்று யாரும் சொல்லவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளைத் தேடிப்பிடித்துக் கண்காணிக்க வேண்டியதாயிற்று. தேடியவர்களில் மாநில, மாவட்டச் சுகாதார ஊழியர்கள் எத்தனை பேர்!

2020இல் சான் அன்டோனியோ. லாக்லாந்து விமானப்படைத் தளத்தில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த ஒரு பெண்ணைச் சி.டி.சி. விடுவித்தது. அவர் ஒரு வணிக வளாகத்துக்குப் போய்வந்தார். பிறகு இன்னொரு சோதனையில் தொற்று இருக்கலாம் என்று தெரிந்தது. மேயர் ரான் நிரன்பர்க் நெருக்கடிநிலை அறிவித்தார். மாநகராட்சி நீதிமன்றம் போனது. ஊராரின் கவலை நியாயமானது என்று நீதிபதி ஒத்துக்கொண்டும் கூட்டாட்சி அரசின் முடிவில் தலையிட மறுத்துவிட்டார். கவலைப்பட உரிமை உண்டு, காப்பாற்றிக்கொள்ள உரிமையில்லை என்பதுதான் இதற்குப் பொருள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரவுப்பணி | சனி, பகல் 12.05

2014இல் நான் நியூ ஜெர்சியில் செவிலியாக இருந்தேன். இன்றும் அதே வேலைதான். எபோலா நாட்களை எல்லைக்கல் ஐயா எடுத்ததால் மற்றப் பாதியை நான் சொல்லியாக வேண்டும்.

அக்டோபர் 24 அன்று எங்கள் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியும் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவும் கூட்டாக அறிவித்தார்கள்: மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரும் மருத்துவப் பணியாளர்களுக்கு 21 நாள் கட்டாயத் தனிமை. சி.டி.சி. அப்படிக் கேட்கவில்லை. அன்றே நெவார்க் விமான நிலையத்தில் இறங்கினார் செவிலி கேசி ஹிக்காக்ஸ். சியரா லியோனில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்துவிட்டு வந்தவர். நெற்றியில் காட்டிய கருவி காய்ச்சல் என்றது. நாக்கின் கீழ் வைத்த வெப்பமானி காய்ச்சல் இல்லை என்றது. இரத்தச் சோதனையிலும் எபோலா இல்லை. ஆனாலும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் போட்ட ஒரு கூடாரத்தில் அவரை அடைத்துவைத்தார்கள்.

எபோலா, அறிகுறி தோன்றும் முன் பிறருக்குத் தொற்றாது. இதை நாங்கள் எல்லோரும் பயிற்சியில் படித்தோம். ஆளுநர்களின் மருத்துவ ஆலோசகர்களுக்கும் தெரியும். தேர்தலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

என்னோடு வேலை செய்த ஒரு தோழி லைபீரியாவுக்குப் போக விண்ணப்பம் எழுதி வைத்திருந்தாள். திரும்பி வந்தால் மூன்று வாரச் சம்பளம் போகும், பிள்ளையைத் தொட முடியாது, அண்டை வீட்டார் ஒதுக்குவார்கள் என்று நினைத்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். எத்தனை பேர் அப்படிக் கிழித்தார்களோ. நோயை அது பிறக்கும் இடத்திலேயே அணைக்கப் போகிறவர்களைத் தடுத்தால் நோய் நம் வாசலுக்கு வரும். அந்த ஆணை எங்களைக் காக்கவில்லை. எங்களைக் கண்டு ஊரை அஞ்சவைத்தது.

ஹிக்காக்ஸ் பிறகு மெய்ன் மாநிலத்துக்குப் போனார். அங்கும் ஆளுநர் வீட்டுக்காவல் கேட்டார். அக்டோபர் 31 அன்று மாநில நீதிபதி சார்ல்ஸ் லாவர்டியர் மறுத்துவிட்டார். தினமும் கண்காணியுங்கள், பயணத்தை முன்கூட்டிச் சொல்லட்டும், அதற்கு மேல் தேவையில்லை என்றார். இதைக் கவனியுங்கள்: ஆளுநரைத் தடுத்தது வாஷிங்டன் அல்ல, அதே மாநிலத்தின் நீதிபதி.

எல்லைக்கல் | சனி, பகல் 12.40

அம்மா, உங்கள் தோழியின் கதை மனத்தை வருத்துகிறது. ஆனால் அந்த மாதம் டாலஸில் இருவருக்குத் தொற்றியதைக் கண்ட மக்கள், சி.டி.சி. சொல்வதை எப்படி நம்புவார்கள்? முதலில் நம்பிக்கையை இழந்தது அவர்கள். ஆளுநர் அந்த இடைவெளியில் நின்றார்.

நெய்தல் | சனி, மாலை 4.20

நான் வரலாறு கற்பிப்பவள். மாநிலம் எச்சரிக்கையானது, வாஷிங்டன் அலட்சியமானது என்றோ, அதைத் திருப்பிப் போட்டோ யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சான் பிரான்சிஸ்கோ, 1900 மார்ச். சைனாடவுனில் ஒருவர் பிளேக் நோயால் இறந்தார். கிருமியைச் சோதித்து உறுதிசெய்தவர் துறைமுகத்தில் இருந்த கூட்டாட்சி மருத்துவர் ஜோசஃப் கின்யூன். கலிபோர்னியா ஆளுநர் ஹென்றி கேஜ், பிளேக்கே கிடையாது என்று சாதித்தார். பழ ஏற்றுமதியும் இரயில் வணிகமும் படுத்துவிடும் என்ற பயம். மாநிலம் நோயை மறைத்தது, வாஷிங்டன் ஆள் அதைச் சொன்னார். 1901இல் வெளியிலிருந்து வந்த வல்லுநர் குழு பிளேக் என்று உறுதிசெய்தது. ஆனால் கின்யூனைத்தான் ஊர் மாற்றினார்கள். நோய் அடங்க 1904 ஆயிற்று. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

உண்மையைச் சொன்ன அதே கின்யூன் செய்ததும் நியாயமில்லை. சீனர்களும் ஜப்பானியர்களும் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் நகரை விட்டு வெளியேறக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் நின்றவர் அவர். மே மாதம் நீதிபதி மாரோ அதைத் தள்ளுபடி செய்தார். நகரம் போட்ட தனிமை வளையமோ சீனர் வீடுகளைச் சுற்றிவந்து, அதே தெருவில் இருந்த வெள்ளையர் கடைகளை விட்டு விலகி வளைந்து சென்றது. ஜூன் மாதம் ஜூ ஹோ என்ற மளிகைக் கடைக்காரர் தொடுத்த வழக்கில் அந்த வளையமும் விழுந்தது. கிருமி தோலின் நிறம் பார்த்து நடக்காது. ஆகவே அது நோய்த் தடுப்பே அல்ல.

இரண்டாவது, வைகைக்கரை அவர்களே, உங்கள் ஊர். 1917 ஜனவரி. டைபஸ் காய்ச்சல் பேனால் பரவுவது. எல் பாசோ மேயர் டாம் லீ, மெக்சிகோவிலிருந்து வருவோரைத் தனிமைப்படுத்த வேண்டும் என்று வாஷிங்டனை நச்சரித்துக்கொண்டே இருந்தார். கூட்டாட்சிச் சுகாதாரச் சேவை சான்டா ஃபே பாலத்தில் குளியல் நிலையம் அமைத்தது. கடப்பவர்கள் ஆடை களைந்து நிற்க வேண்டும். துணி நீராவியில் வேகும். தலையில் பேன் கண்டால் ஆணுக்கு மொட்டை, பெண்ணுக்கு மண்ணெண்ணெயும் வினிகரும். ஜனவரி 28 அன்று வீட்டு வேலைக்காக எல் பாசோ வந்துகொண்டிருந்த 17 வயது கார்மெலிட்டா டோரஸ், குளிக்க மாட்டேன் என்று டிராமிலிருந்து இறங்கினாள். அவளைத் தொடர்ந்து பெண்கள் திரண்டு பாலத்தையே மறித்தார்கள். கலகம் அடக்கப்பட்டது. குளியலும் புகையடிப்பும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன.

அந்த நிகழ்ச்சியில் யாருடைய அதிகாரம் வேலை செய்தது? கேட்டது உள்ளூர். செய்தது வாஷிங்டன். இருவருக்கும் சண்டையே இல்லை. பாலத்தில் நின்றவளுக்கு அதனால் என்ன லாபம்?

வைகைக்கரை | சனி, இரவு 9.15

அக்கா, அந்தப் பாலத்தில் நான் நூறு முறையாவது நடந்திருப்பேன். இது எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

நான் தொடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். முழுவதும் அல்ல. டைட்டில் 42 பற்றி யாராவது சொல்லுங்கள். அதில் மாநிலங்கள் ஏன் நுழைந்தன?

சட்டப்பித்தன் | ஞாயிறு, காலை 7.50

2020 மார்ச் 20 அன்று சி.டி.சி. இயக்குநர் ராபர்ட் ரெட்ஃபீல்ட் கையெழுத்திட்ட உத்தரவு அது. நில எல்லையில் ஆவணமில்லாமல் வருவோரைப் புகலிட மனுவைக்கூடக் கேட்காமல் உடனே திருப்பி அனுப்பலாம் என்றது. அதே சி.டி.சி.யில் தனிமைப்படுத்தல் பிரிவின் தலைவராக இருந்த மார்ட்டின் செட்ரான், இதற்குச் சுகாதாரக் காரணம் போதாது என்று ஒதுங்கிக்கொண்டார். பின்னர் காங்கிரஸ் குழுவின் விசாரணையில் அது வெளிவந்தது. லாரி ஓட்டுநரும் குடிமக்களும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். மூன்றாண்டுகளில் இருபத்தைந்து லட்சம் முறைக்கு மேல் ஆட்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

2022 ஏப்ரலில் சி.டி.சி. தானே இனி தேவையில்லை என்று முடித்துவைக்கப் பார்த்தது. அப்போதுதான் மாநிலங்கள் நுழைந்தன. நிறுத்தினால் எங்கள் மருத்துவமனைச் செலவு கூடும், கருத்துக் கேட்கும் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று வழக்குப் போட்டன. மே 20 அன்று லூசியானாவில் நீதிபதி சம்மர்ஹேஸ், நிறுத்தக் கூடாது என்று தடை விதித்தார். நவம்பர் 15 அன்று வாஷிங்டனில் நீதிபதி எம்மெட் சல்லிவன், இந்த உத்தரவே செல்லாது என்றார். ஓர் உத்தரவு, இரண்டு நீதிமன்றம், இரண்டு திசை. 19 மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடின. டிசம்பர் 27 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உத்தரவு உயிரோடு வைக்கப்பட்டது. மறுத்தவர்களில் பழமைவாத நீதிபதி நீல் கோர்சச்சும் ஒருவர். எல்லையில் இப்போது இருப்பது கோவிட் நெருக்கடி அல்ல, வேறொரு நெருக்கடிக்காக இதை நீட்டிப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்ற பொருளில் அவர் எழுதியதை நான் பலமுறை படித்தேன். 2023 மே 11 அன்று கோவிட் நெருக்கடிநிலை முடிந்தது, டைட்டில் 42உம் முடிந்தது. கேள்விக்கு விடை சொல்லாமலே வழக்கு மூடப்பட்டது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அதே ஆண்டுகளில் இதே மாநிலங்களில் பல, முகக்கவசம் போடச் சொல்ல, கப்பல்களைக் கட்டுப்படுத்தச் சி.டி.சி.க்கு அதிகாரமே இல்லை என்று வழக்காடின. சுற்றுலாக் கப்பல் விதிகளை எதிர்த்து 2021இல் ஃபுளோரிடா தடையும் வாங்கியது. வாடகை வீட்டுக்காரரை வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு வழக்கில் உச்ச நீதிமன்றமே 361ஆம் பிரிவைச் சுருக்கிப் படித்தது. ஊருக்குள் சி.டி.சி.யின் அதிகாரம் சுருங்க வேண்டும், ஆற்றங்கரையில் மட்டும் அது விரிய வேண்டும் என்று ஒரே வாய் கேட்டால், கேட்பது நோய்க்காக அல்ல என்றுதான் நான் முடிவுக்கு வருவேன். வாஷிங்டனும் இதற்கு விலக்கல்ல. தொடக்கத்தில் அந்த உத்தரவைப் பிறப்பித்ததும் புதிய ஆட்சி வந்த பிறகு ஓராண்டுக்கு மேல் காத்து நின்றதும் அவர்கள்தானே.

கணக்கன் | ஞாயிறு, காலை 11.30

பொதுச் சுகாதாரத் துறையில் தரவு வேலை பார்க்கிறேன். சட்டத்தை விட்டு, கைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

நாடு முழுவதற்கும் சி.டி.சி.யின் தனிமைப்படுத்தல் நிலையங்கள் இருபது சொச்சம்தான். பெரிய விமான நிலையங்களிலும் சில எல்லைக் கடவுகளிலும் இருக்கின்றன. அவர்களிடம் மருத்துவமனை இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, வீடு வீடாகப் போக ஆள் இல்லை. எல்லாம் மாநிலத்திடமும் மாவட்டத்திடமும் இருக்கிறது. அவர்களை வேலை வாங்கவும் வாஷிங்டனால் முடியாது. 1997இல் பிரின்ட்ஸ் வழக்கில், மாநில அதிகாரிகளைக் கூட்டாட்சி அரசு தன் ஏவலாட்களாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆணை ஒரு பக்கம், ஆள் இன்னொரு பக்கம். இதை மாற்ற யாரும் முயலவும் இல்லை.

வைகைக்கரை அவர்களே, சுமப்பவனுக்குச் சொல்லும் உரிமை வேண்டாமா என்று கேட்டீர்கள். 2020 அக்டோபர் கடைசியில் உங்கள் மாவட்ட நிர்வாகத் தலைவர் ரிக்கார்டோ சமானியேகோ, மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததால் அத்தியாவசியமற்ற கடைகளை மூடச் சொன்னார். பிண அறைக்கு இடமில்லாமல் குளிர்பதன வண்டிகளைக் கொண்டுவந்த நாட்கள் அவை. எதிர்த்து வழக்கில் சேர்ந்தது மாநில அரசு. நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாவட்டத்தின் ஆணையை நிறுத்தியது. சுமந்தது எல் பாசோ. சொல்லும் உரிமையைப் பறித்தது மாநிலத் தலைநகரான ஆஸ்டின்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 2021 ஏப்ரலில் கனடாவில் தடுப்பூசி தட்டுப்பாடு. வடக்கு டகோட்டாவில் மிஞ்சியிருந்தது. மாநில ஆளுநரும் மானிடோபா மாகாண முதல்வரும் பேசி, எல்லை கடக்கும் மானிடோபா லாரி ஓட்டுநர்களுக்கு டிரேட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஊசி போட்டார்கள். மொன்டானாவில் பிளாக்ஃபீட் பழங்குடியினர் தங்களிடம் மிஞ்சிய ஊசிகளை எல்லைக்கே கொண்டுபோய்க் கனடாக்காரர்களுக்குப் போட்டார்கள். காரை விட்டு இறங்காமலே போட்டுக்கொண்டு திரும்பினார்கள். மே மாதம் சான் டியேகோ மாவட்டம் மெக்சிகோ பக்கத்துத் தொழிற்சாலை ஊழியர்களுக்கு எல்லையிலேயே ஊசி போட்டது.

ஒரு மாநிலம், ஒரு பழங்குடி அரசு, ஒரு மாவட்டம். மூன்றும் எல்லையில் அந்நிய நாட்டவரைத் தொட்டன. யாரும் வழக்குப் போடவில்லை, அதிகாரம் யாருடையது என்று கேட்கவில்லை. தடுக்கப் போகும்போது மட்டும்தான் அந்தக் கேள்வி எழுகிறது.

எல்லைக்கல் | ஞாயிறு, பகல் 1.15

கணக்கன் சொன்னதை மதிக்கிறேன். டிரேட்டன் செய்தி எனக்குப் புதிது. ஆனால் ஊசி இல்லாத நோய் வந்தால்? 2020 மார்ச் கடைசியில் நம்மிடம் என்ன இருந்தது? ரோட் ஐலண்டு ஆளுநர் ஜினா ராய்மொண்டோ நியூயார்க் எண் பலகை உள்ள கார்களை நிறுத்தி, உள்ளே வந்தால் 14 நாள் தனிமை என்றார். குவோமோ வழக்குப் போடுவேன் என்றதும், எல்லா வெளிமாநிலத்தாருக்கும் என்று திருத்திக்கொண்டார். அது சின்னஞ்சிறு மாநிலம், நியூயார்க்கிலோ தீ பற்றி எரிகிறது. அவர் செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இங்கே யாராவது சொல்வீர்களா?

நெய்தல் | ஞாயிறு, பகல் 1.50

நான் சொல்ல மாட்டேன். திருத்தியதுதான் முக்கியம். ஓர் ஊராரை மட்டும் குறிவைத்த வளையம், எல்லோருக்குமான விதியாக மாறியது. 1900இல் ஜூ ஹோ கேட்டதும் அதுதான்.

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 6.30

எல்லைக்கல் ஐயாவுக்கு. நான் தனிமைப்படுத்தலே வேண்டாம் என்பவள் அல்ல. கோவிட்டில் இரண்டு முறை வீட்டு மாடியில் தனியே அடைந்துகிடந்தேன். எப்படி என்பதுதான் என் கேள்வி.

ஹிக்காக்ஸ் நியூ ஜெர்சி மேல் போட்ட வழக்கு 2017இல் சமரசத்தில் முடிந்தது. பணம் வாங்கவில்லை. மாநிலம் விதிகளை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது. இனி ஒருவரை அடைக்கும் முன், மருத்துவக் காரணம் இருக்க வேண்டும், அதைவிடக் குறைந்த கட்டுப்பாடு போதாது என்று காட்ட வேண்டும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் ஆணையை எதிர்த்து விசாரணை கேட்கவும் உரிமை உண்டு என்று எழுத்தில் வந்தது. அதே ஆண்டு கூட்டாட்சி விதிகளும் திருத்தப்பட்டன. எழுத்தில் ஆணை, 72 மணி நேரத்துக்குள் மறுபார்வை என்று சேர்த்தார்கள். மறுபார்வை செய்வதும் சி.டி.சி.யே என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. ஆனாலும் கூடாரத்தில் இருப்பவளுக்குக் கேட்க ஒரு கதவு இருக்கிறது. கதவின் மேல் மாநில முத்திரையா வாஷிங்டனின் கழுகு முத்திரையா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

எல்லைக்கல் | ஞாயிறு, மாலை 6.55

அந்த விதிகளோடு ஆளுநருக்கு அதிகாரம் கொடுத்தால் எனக்குச் சம்மதம். அதிகாரமே கூடாது என்றால் சம்மதமில்லை.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8.40

கடைசியாக ஒன்று, ஐயா. நாளைக்குக் காலை பாலத்தைக் கடந்து ஒருவர் வருகிறார். பஸ் ஏறி எங்கள் ஊருக்குள் வந்துவிட்டார். மருந்துக்கு அடங்காத காசநோய் என்று தெரிகிறது. சிகிச்சைக்கு ஒத்துவரவில்லை. அவரை நிறுத்துவது யார்?

சட்டப்பித்தன் | ஞாயிறு, இரவு 9.30

கடவில் நிற்கும்வரை கூட்டாட்சி அதிகாரி. காசநோய் அவர்கள் தனிமைப்படுத்தக்கூடிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. ஊருக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் உங்கள் உள்ளூர்ச் சுகாதார அதிகாரி. டெக்சாஸ் சுகாதாரச் சட்டத் தொகுப்பின் 81ஆம் அத்தியாயம் அவருக்கு எழுத்தில் ஆணையிடும் உரிமை தருகிறது. மீறினால் மாவட்ட நீதிமன்றம். நீதிமன்றம் சொன்னால் சான் அன்டோனியோவில் மாநில அரசு நடத்தும் தொற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

அவர் விமானம் ஏறிவிடுவார் என்ற அச்சம் இருந்தால், உங்கள் அதிகாரி சி.டி.சி.க்கு எழுதுவார். சி.டி.சி. ஆராய்ந்து பயணத் தடைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதை நிறைவேற்றும். எல்லைக் கடவிலும் அவர் பெயருக்கு எச்சரிக்கை காட்டும். தொற்று நீங்கியதும் பெயரை எடுத்துவிடுவார்கள். 2007 முதல் இப்படித்தான் நடக்கிறது. கேட்பது உள்ளூர், முடிவெடுப்பது சி.டி.சி., தடுப்பது வேறொரு துறை. டாம் லீ கேட்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே ஒரு பெயருக்கு ஒரு சோதனை முடிவு கையில் இருக்க வேண்டும் என்பதுதான்.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10.20

நன்றி ஐயா. இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு முதியவருக்குச் சென்ற ஆண்டு காசநோய் வந்தது. சாதாரண வகைதான். ஆறு மாதம் வாரநாட்களில் காலை ஏழரைக்குச் சுகாதாரத் துறைப் பெண் ஊழியர் ஒருவர் வருவார். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பார். ஏட்டில் குறித்துக்கொண்டு போவார். ஹுவாரஸில் மகள் வீட்டுக்குப் போன நாட்களில் கைபேசியின் முன் உட்கார்ந்து விழுங்கிக் காட்டுவாராம். இப்போது மறுபடி மாலையில் நடக்க வருகிறார். நாளை அந்த ஊழியரைப் பார்த்தால், உங்களுக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று கேட்க நினைத்திருக்கிறேன்.